‘டிஸ்கஸ் அபௌட்’ முதல் ‘ஓஃப் த லைட்’ வரை: ஆங்கில வினையோடு வரும் முன்னிடைச்சொற் பிழைகள், அறிகுறியும் திருத்தமும்

தமிழில் பெயருக்கும் வினைக்கும் உள்ள உறவைப் பெயரின் கடைசியில் ஒட்டும் வேற்றுமை உருபு காட்டிவிடும். ஆங்கிலத்தில் அந்த வேலையைப் பெயருக்கு முன்னால் நிற்கும் சிறு சொற்கள் செய்கின்றன. இவையே முன்னிடைச்சொற்கள். இதை வைத்து வகுப்புகளில் ஒரு அட்டவணை பரவியிருக்கிறது: ‘கு’ என்றால் டு, ‘இல்’ என்றால் இன், ‘ஓடு’ என்றால் வித், ‘இலிருந்து’ என்றால் ஃப்ரொம், ‘பற்றி’ என்றால் அபௌட்.

இந்த அட்டவணைதான் நோயின் வேர். ஒரே ஒரு ‘கு’வை எடுத்துப் பாருங்கள். கல்முனைக்குப் போனாள்: ‘வென்ட் டு’. கல்முனைக்கு வந்து சேர்ந்தாள்: ‘அரைவ்ட் இன்’. பஸ்ஸுக்குக் காத்திருந்தாள்: ‘வெயிட்டட் ஃபோர்’. நாய்க்குப் பயந்தாள்: ‘வோஸ் அஃப்ரெய்ட் ஒவ்’. ஆசிரியருக்குப் பதில் சொன்னாள்: ‘ஆன்சர்ட் த டீச்சர்’, எதுவுமே இல்லை. உருபு ஒன்று, விடை ஐந்து. எந்த முன்னிடைச்சொல் வரும், வருமா வராதா என்பதை ஆங்கிலத்தில் தீர்மானிப்பது வினை (சில இடங்களில் ‘அஃப்ரெய்ட்’ போன்ற பெயரடை). ஆகவே கீழே உள்ள திருத்தங்கள் எல்லாவற்றிலும் கேள்வி ஒன்றுதான்: இந்த வினை தனக்குப் பின்னால் எதைக் கேட்கிறது?

முழுவதையும் ஒரே மூச்சில் படிக்கத் தேவையில்லை. உங்கள் வாக்கியம் எந்த அறிகுறியைக் காட்டுகிறதோ அந்தப் பகுதிக்குப் போங்கள். ஆங்கிலச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். ஒன்றைமட்டும் கவனியுங்கள்: ‘ஒவ்’ என்பது உடைமையைக் காட்டும் ஒரு எஃப் உள்ள சொல், ‘ஓஃப்’ என்பது விளக்கை அணைக்கும் இரண்டு எஃப் உள்ள சொல். உச்சரிப்பும் வேறு, வேலையும் வேறு.

அறிகுறி 1: தேவையில்லாத ஒரு சொல் இடையில் புகுந்து நிற்கிறது

பிழை: ‘வி டிஸ்கஸ்ட் அபௌட் த ரோட்.’
பிழை: ‘ஷி மெரிட் வித் அ டீச்சர்.’
பிழை: ‘த பஸ் ரீச்ட் டு வாழைச்சேனை.’
பிழை: ‘ப்ளீஸ் இன்ஃபோர்ம் டு த ப்ரின்சிபல்.’

நான்கிலும் அந்த நடுச்சொல்லை எடுத்துவிட்டால் வாக்கியம் சரி. வீதியைப் பற்றி, ஆசிரியருடன், வாழைச்சேனைக்கு, அதிபருக்கு என்று தமிழ் மனம் உருபோடு நினைக்கிறது, கை அதை மொழிபெயர்த்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இந்த வினைகள் பெயரை நேரடியாகப் பிடிப்பவை.

சோதிக்க ஒரு வழி: வாக்கியத்தைச் செயப்பாட்டு வினைக்கு மாற்றுங்கள். ‘த ரோட் வோஸ் டிஸ்கஸ்ட்’ என்று வாக்கியம் நிறைவாக நிற்கிறது, கடைசியில் ‘அபௌட்’ தேவைப்படவில்லை. அப்படியென்றால் செய்வினையிலும் தேவையில்லை. ‘த சைல்ட் வோஸ் லுக்ட் ஆஃப்டர்’ என்பதில் ‘ஆஃப்டர்’ஐ எடுத்தால் வாக்கியம் நொண்டும், ஆகவே செய்வினையிலும் அது வேண்டும். ‘மெரி’, ‘ரிசெம்பிள்’, ‘லாக்’ ஆகிய மூன்றையும் இந்தச் சோதனையில் நம்ப வேண்டாம், அவை செயப்பாட்டுக்கு எளிதில் வளைவதில்லை. அவற்றை மனனம் செய்வதே வழி.

பெயரை நேரடியாகப் பிடிக்கும் வினைகளில் நம் பகுதியில் அடிக்கடி தடுக்கி விழவைப்பவை: டிஸ்கஸ், மென்ஷன், டிஸ்க்ரைப், எம்ஃபசைஸ், ரிக்வெஸ்ட், ஓர்டர், கொன்டாக்ட், ஃபோன், ஆன்சர், என்டர், ரீச், அப்ரோச், விசிட், அக்கம்பனி, மெரி, ரிசெம்பிள், லாக், ஒபே, இன்வெஸ்டிகேட், அவேய்ட்.

இந்தப் பிழை இவ்வளவு பிடிவாதமாக நிற்பதற்கு உருபு மட்டும் காரணமல்ல. இந்த வினைகளில் பலவற்றுக்கு அதே வேரில் ஒரு பெயர்ச்சொல் இருக்கிறது, அந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன்னிடைச்சொல் கட்டாயம் வேண்டும். காதில் விழுந்த பெயர்ச்சொல் வடிவம் வினையிலும் ஒட்டிக்கொள்கிறது. பிரதேச செயலகத்துக்கோ ஒரு நிறுவனத்துக்கோ எழுதும் ஆங்கிலக் கடிதத்தில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்:

வினை ‘டிஸ்கஸ் த ப்ரொப்ளம்’, பெயர் ‘அ டிஸ்கஷன் அபௌட் த ப்ரொப்ளம்’.
வினை ‘ரிக்வெஸ்ட் அ லெட்டர்’, பெயர் ‘அ ரிக்வெஸ்ட் ஃபோர் அ லெட்டர்’.
வினை ‘எம்ஃபசைஸ் சேஃப்டி’, பெயர் ‘எம்ஃபசிஸ் ஒன் சேஃப்டி’.
வினை ‘கொன்டாக்ட் த ஒஃபிஸ்’, பெயர் ‘கொன்டாக்ட் வித் த ஒஃபிஸ்’.
வினை ‘விசிட் பாசிக்குடா’, பெயர் ‘அ விசிட் டு பாசிக்குடா’.
வினை ‘லாக் வோட்டர்’, பெயர் ‘அ லாக் ஒவ் வோட்டர்’.
வினை ‘ஆன்சர் த க்வெஸ்சன்’, பெயர் ‘த ஆன்சர் டு த க்வெஸ்சன்’.

‘ஐ வுட் லைக் டு ரிக்வெஸ்ட் ஃபோர் அ லெட்டர்’ என்று எழுதியிருந்தால் இரண்டு வழியில் திருத்தலாம்: ‘ஃபோர்’ஐ நீக்குங்கள், அல்லது ‘ஐ வுட் லைக் டு மேக் அ ரிக்வெஸ்ட் ஃபோர் அ லெட்டர்’ என்று பெயராக்குங்கள். முதலாவதே சுருக்கம்.

‘கம்ப்ரைஸ்’, ‘கன்சிஸ்ட்’ இரண்டும் ஒரே பொருள் தருவதால் குழப்பும். மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன என்று எழுத வேண்டுமா? ‘த டிஸ்ட்ரிக்ட் கன்சிஸ்ட்ஸ் ஒவ் 14 டிவிஷன்ஸ்’ அல்லது ‘த டிஸ்ட்ரிக்ட் கம்ப்ரைசஸ் 14 டிவிஷன்ஸ்’. ‘கம்ப்ரைசஸ் ஒவ்’ என்று எழுதாதீர்கள்.

இதே வகையைச் சேர்ந்த சில வினைகள் முன்னிடைச்சொல் சேர்ந்தால் வேறு பொருளுக்குத் தாவும். ‘என்டர் த ரூம்’ அறைக்குள் போவது. ‘என்டர் இன்டு அன் அக்ரீமன்ட்’ உடன்படிக்கை செய்துகொள்வது. ‘அட்டென்ட் த மீட்டிங்’ கூட்டத்துக்குப் போவது, ‘அட்டென்ட் டு த பேஷன்ட்’ நோயாளியைக் கவனிப்பது. ‘ஆன்சர் டு த டிரெக்டர்’ என்றால் பணிப்பாளருக்குப் பொறுப்புக் கூறக் கடமைப்பட்டவர் என்பது.

இன்னொரு சிறு குழு. ‘கோ டு ஹோம்’, ‘கம் டு ஹியர்’, ‘வென்ட் டு அப்ரோட்’ எல்லாம் பிழை. ஹோம், ஹியர், தெயர், அப்ரோட், அப்ஸ்டெயர்ஸ் ஆகியவற்றில் “க்கு” ஏற்கெனவே உள்ளே இருக்கிறது: ‘கோ ஹோம்’, ‘கம் ஹியர்’, ‘வென்ட் அப்ரோட்’. கட்டாருக்கும் டுபாய்க்கும் வேலைக்குப் போனவர்களைப் பற்றி எழுதும்போது இந்தக் கடைசி ஒன்று அடிக்கடி வரும். நாட்டின் பெயரைச் சொன்னால் டு திரும்பி வரும்: ‘வென்ட் டு கட்டார்’. ‘ரிட்டர்ன் பேக்’, ‘ரிப்ளை பேக்’ என்பவற்றில் ‘பேக்’கையும், ‘கோப் அப் வித்’ என்பதில் ‘அப்’பையும் வெட்டிவிடுங்கள்.

அறிகுறி 2: வேண்டிய சொல் விழுந்துவிட்டது

பிழை: ‘ஐம் லிஸினிங் மியூசிக்.’
பிழை: ‘ஹி இஸ் வெயிட்டிங் த ட்ரெய்ன்.’
பிழை: ‘ஷி அப்ளைட் த ஜொப்.’

இங்கே பெரும்பாலும் குற்றவாளி ‘ஐ’ உருபு. பாட்டைக் கேட்கிறேன், அதை நம்பியிருக்கிறேன், அவனைப் பார்த்துச் சிரித்தாள் என்று தமிழ் நேரடியாகப் பிடிக்கும் இடத்தில் ஆங்கில வினை கையை நீட்ட ஒரு முன்னிடைச்சொல்லைக் கேட்கிறது. சோடியாகப் படிக்க வேண்டியவை: லிஸின் டு, வெயிட் ஃபோர், லுக் அட், அப்ளை ஃபோர், டிபென்ட் ஒன், பிலோங் டு, ரிப்ளை டு, லாஃப் அட், பார்ட்டிசிபேட் இன், ஒப்ஜெக்ட் டு, ஹாப்பன் டு. ‘ஆன்சர்’ தனியாக நிற்கும், ‘ரிப்ளை’ டு கேட்கும். இரண்டையும் அருகருகே எழுதி வையுங்கள்.

இந்த வகையில் நான்கு வினைகளில் தனியே கவனம் வேண்டும். முன்னிடைச்சொல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை சரி, ஆனால் பொருள் மாறிவிடும்.

‘பே’: பணத்தை வாங்குபவர் அல்லது பற்றுச்சீட்டு நேரடியாக வரும், வாங்கிய பொருளுக்கு ஃபோர் வேண்டும். ‘பே த டிரைவர்’, ‘பே த பில்’, ‘பே ஃபோர் த ஃபிஷ்’. சேர்த்துச் சொன்னால் ‘ஐ பெய்ட் ஹிம் 500 ருபீஸ் ஃபோர் த ஃபிஷ்’. ‘ஐ பெய்ட் த ஃபிஷ்’ என்றால் மீனுக்குச் சம்பளம் கொடுத்ததாகிவிடும்.

‘ஸேர்ச்’: தேடும் இடம் நேரடியாக வரும், தேடும் பொருளுக்கு ஃபோர். ‘தே ஸேர்ச்ட் த ஹவுஸ் ஃபோர் த கீ.’

‘ஆஸ்க்’: கேட்கப்படும் ஆள் நேரடியாக, வேண்டும் பொருளுக்கு ஃபோர். “டீச்சரிடம் புத்தகம் கேட்டான்” என்பதில் உள்ள ‘இடம்’, ‘ஆஸ்க் ஃப்ரொம் த டீச்சர்’ என்று வெளியே வருகிறது. சரியானது ‘ஹி ஆஸ்க்ட் த டீச்சர் ஃபோர் த புக்’. ஆனால் ‘பொரோ’ வினைக்கு ஃப்ரொம் சரி: ‘ஹி பொரோட் த புக் ஃப்ரொம் த டீச்சர்’.

‘அப்ளை’: பதவிக்கும் விடுமுறைக்கும் ஃபோர், நிறுவனத்துக்கு டு. ‘அப்ளை ஃபோர் லீவ்’, ‘அப்ளை டு த யூனிவர்சிட்டி’. பூசுவதற்கும் இடுவதற்கும் எதுவும் வேண்டாம்: ‘அப்ளை யூரியா டு த ஃபீல்ட்’ என்றால் யூரியா நேரடியாக வருகிறது, அது போய்ச் சேரும் வயலுக்கு டு. ‘ஐ அப்ளைட் லீவ்’ என்று எழுதினால் வாசிப்பவர் இந்தக் கடைசிப் பொருளில் தடுமாறுவார்.

‘பார்’ என்று நினைத்து ‘லுக்’ என்று எழுதும்போது

இது தனிப் பகுதியாகவே வேண்டியது. தமிழில் ‘பார்’ ஒரு வினை. வெவ்வேறு வேலைகளுக்கு அதையே பயன்படுத்துகிறோம். ஆங்கிலம் அந்த வேலைகளை ‘லுக்’ வினைக்குப் பின்னால் வரும் சொல்லால் பிரிக்கிறது.

பலகையைப் பார்: ‘லுக் அட் த போர்ட்’.
பிள்ளையைப் பார்த்துக்கொள்: ‘லுக் ஆஃப்டர் த சைல்ட்’.
வாடகைக்கு வீடு பார்க்கிறோம்: ‘வி ஆர் லுக்கிங் ஃபோர் அ ஹவுஸ் டு ரென்ட்’.
அகராதியில் அந்தச் சொல்லைப் பார்: ‘லுக் அப் த வேர்ட்’.
முறைப்பாட்டை அதிகாரி பார்க்கிறார், அதாவது விசாரிக்கிறார்: ‘த ஒஃபிசர் இஸ் லுக்கிங் இன்டு த கம்ப்ளெய்ன்ட்’.
இந்தக் கணக்கைச் சரிபார்: ‘லுக் ஓவர் த அக்கவுன்ட்’.

“பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிக்கிறன்” என்பது மட்டும் லுக் பக்கமே வராது, அது ‘ஐம் வெயிட்டிங் ஃபோர் த பஸ்’. படம், கிரிக்கெட் பார்ப்பது ‘வொச்’, முன்னிடைச்சொல் இல்லை. வைத்தியரைப் பார்ப்பது ‘சீ அ டொக்டர்’. “ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார்” என்பது ‘ஹி வேர்க்ஸ் அட் த ஹொஸ்பிடல்’, அதை ‘லுக்கிங் ஃபோர் வேர்க்’ என்று எழுதினால் வேலையில்லாமல் தேடுகிறார் என்றாகி, பொருள் தலைகீழாகும்.

அறிகுறி 3: ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’, ‘சே மீ’, ‘டெல் டு மீ’

“எனக்குச் சொல்”, “எனக்கு விளக்கு” இரண்டிலும் எனக்கு ஒன்றே. ஆங்கிலத்தில் இரண்டு முகாம்கள் உள்ளன.

ஆள் நேரடியாக வரும் முகாம்: டெல், கிவ், ஷோ, டீச், சென்ட், லென்ட். ‘டெல் மீ த ட்ரூத்’, ‘ஷோ மீ த வே’.
ஆளுக்கு முன் டு கேட்கும் முகாம்: சே, எக்ஸ்ப்ளெய்ன், டிஸ்க்ரைப், சஜெஸ்ட், இன்ட்ரொடியூஸ், ரிப்போர்ட், மென்ஷன், கம்ப்ளெய்ன், அபோலஜைஸ். ‘எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ’, ‘ஹி சஜெஸ்ட்டட் அ ஹோட்டல் டு அஸ்’.

அறுகம்பேயில் விருந்தினர் விடுதியில் வேலை செய்பவர் வெளிநாட்டவரிடம் ‘ஐ சஜெஸ்ட் யூ திஸ் ரூம்’ என்று சொன்னால் விளங்கும், ஆனால் பிழை. ‘ஐ சஜெஸ்ட் திஸ் ரூம்’ என்று ஆளையே விட்டுவிடுவதுதான் சுலபம்.

முறையிடுவதற்கும் மன்னிப்புக் கேட்பதற்கும் இரண்டு கொக்கிகள் உண்டு. ஆளுக்கு டு, விடயத்துக்கு வேறொன்று: ‘கம்ப்ளெய்ன் டு த மேனேஜர் அபௌட் த நொய்ஸ்’, ‘அபோலஜைஸ் டு த கெஸ்ட் ஃபோர் த டிலே’.

அறிகுறி 4: ‘இல்’ எல்லாம் ‘இன்’ ஆகிவிட்டது

சுருக்கமாக. வந்து சேர்தல்: நகரம், நாடு என்றால் ‘அரைவ் இன் பட்டிகலோ’, நிலையம், விடுதி, பாடசாலை என்றால் ‘அரைவ் அட் த ஸ்டேஷன்’, வீடு என்றால் வெறும் ‘அரைவ் ஹோம்’. ‘அரைவ் டு’ எங்கும் இல்லை. ஏறி இறங்குதல்: எழுந்து நடமாடக்கூடிய பஸ், ரயில், விமானத்துக்கு ‘கெட் ஒன்’, ‘கெட் ஓஃப்’, குனிந்து நுழையும் கார், த்ரீவீலுக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட் ஒவ்’, காலைத் தூக்கிப்போட்டு ஏறும் சைக்கிள், மோட்டார் சைக்கிளுக்கு மறுபடி ‘ஒன்’, ‘ஓஃப்’. வசித்தல்: ஊருக்கு இன், வீதிக்கு பிரித்தானிய வழக்கில் இன் (முதன்மை வீதி, நெடுஞ்சாலைக்கு ஒன்), வீட்டிலக்கத்துக்கு அட்.

அறிகுறி 5: கேள்வியின் வால் அறுந்துவிட்டது

‘ஐம் வெயிட்டிங் ஃபோர் த பஸ்’ என்று சரியாகச் சொல்லும் மாணவரே ‘வொட் ஆர் யூ வெயிட்டிங்?’ என்று கேட்பார். பெயர் முன்னால் போனதும் முன்னிடைச்சொல்லுக்கு இடமில்லை என்று தோன்றிவிடுகிறது. தமிழில் உருபு பெயரோடு சேர்ந்தே போய்விடும்: எதற்கு, யாரோடு, எதில். ஆங்கிலப் பேச்சில் பெயர் போனாலும் முன்னிடைச்சொல் வினையோடு தங்கிவிடும்.

‘வொட் ஆர் யூ வெயிட்டிங் ஃபோர்?’ ‘ஹூ ஆர் யூ டோக்கிங் டு?’ ‘வொட் ஆர் யூ லுக்கிங் அட்?’
‘த ஹவுஸ் வி லிவ் இன்’, ‘த ஜொப் ஷி அப்ளைட் ஃபோர்’.

முன்னிடைச்சொல்லில் வாக்கியம் முடியக்கூடாது என்று சில பழைய பயிற்சிக் கொப்பிகள் சொல்லும். பேச்சுக்கும் சாதாரண எழுத்துக்கும் அந்தத் தடை இல்லை. மிகவும் முறையான கடிதத்தில் ‘த போஸ்ட் ஃபோர் விச் ஷி அப்ளைட்’ என்று முன்னுக்கு நகர்த்தலாம். நகர்த்தலாம், ஆனால் விழுத்தக் கூடாது. திருத்தும் முறை: கேள்வியை எழுதியதும் அதன் முழு விடையை எழுதிப் பாருங்கள். விடையில் இருக்கும் முன்னிடைச்சொல் கேள்வியிலும் இருக்க வேண்டும்.

அறிகுறி 6: ‘ஓஃப் த லைட்’, ‘பிக் அப் மீ’

நம் வீட்டுத் தமிழே இந்தப் பிழையைத் தயாரிக்கிறது. தாய் பிள்ளையிடம் “மனே, அந்த லைட்டை ஓஃப் பண்ணு” என்கிறார். இங்கே வினை ‘பண்ணு’. ஓஃப் அதற்குத் துணை. ஆங்கிலத்துக்கு மாறும்போது ‘பண்ணு’ உதிர்கிறது, ஓஃப் தனியே வினை வேடம் போடுகிறது. ஆங்கிலத்தில் அதற்கு அந்த உரிமை இல்லை. ‘டேர்ன்’ அல்லது ‘ஸ்விட்ச்’ என்ற வினையைத் திருப்பிக் கொடுங்கள்: ‘டேர்ன் ஓஃப் த லைட்’, ‘ஸ்விட்ச் ஒன் த ஃபேன்’.

இதன் மறுபக்கமும் உண்டு. “பண்ணு”வோடு வினை மட்டும் தமிழுக்கு வந்து, அதன் ஒட்டு வழியில் விழுந்துவிட்ட சொற்கள்:

“ஃபோமை ஃபில் பண்ணுங்க”: ‘ஃபில் இன் த ஃபோம்’. அமெரிக்கர் ‘ஃபில் அவுட்’ என்பர், இரண்டும் சரி. ‘ஃபில் த ஃபோம்’ சரியல்ல.
“கோலைக் கட் பண்ணிட்டான்”: ‘ஹி ஹங் அப்’. பேசிக்கொண்டிருக்கும்போதே உங்களை வெட்டிவிட்டான் என்றால் ‘ஹி ஹங் அப் ஒன் மீ’.
“மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ட்ரொப் பண்ணு”: ‘ட்ரொப் மீ ஓஃப் அட் த கிளொக் டவர்’. இடத்தைச் சொன்னால் ஓஃப் இல்லாமலும் நிற்கும்.
“ஸ்லோ பண்ணு”: ‘ஸ்லோ டவுன்’.

அடுத்தது இடம். “என்னைப் பிக்கப் பண்ணு” என்பதில் பிக்கப் ஒரே சொல்லாக உறைந்துவிட்டதால் ‘பிக் அப் மீ’ என்று வருகிறது. சரி: ‘பிக் மீ அப்’. விதி இது. பிரியக்கூடிய சோடியில் பெயர் நடுவிலும் வரலாம், பின்னாலும் வரலாம்: ‘டேர்ன் ஓஃப் த லைட்’, ‘டேர்ன் த லைட் ஓஃப்’. மீ, ஹிம், இட், தெம் போன்ற பிரதிப்பெயர் என்றால் நடுவில் மட்டும்தான்: ‘டேர்ன் இட் ஓஃப்’. பிரியாத சோடியில் எல்லாமே பின்னால்: ‘லுக் ஆஃப்டர் இட்’, ‘லுக் இட் ஆஃப்டர்’ அல்ல.

எது பிரியும், எது பிரியாது என்று எப்படி அறிவது? இரண்டு சோதனைகள்.

ஒன்று, நடுவில் ‘கெயார்ஃபுலி’ போன்ற வினையடையைச் செருகுங்கள். ‘ஷி லுக்ட் கெயார்ஃபுலி அட் த மெப்’ நிற்கிறது, ஆகவே அட் வெறும் முன்னிடைச்சொல், பிரியாது. ‘ஷி டேர்ன்ட் குவிக்லி ஓஃப் த லைட்’ நிற்காது, ஆகவே ஓஃப் வினையின் ஒட்டு, பெயருக்கு வழிவிட்டுப் பிரியும். ‘லுக் ஆஃப்டர்’ போன்ற சில சோடிகள் வினையடைக்கும் இடம் கொடுக்கா, பெயருக்கும் பிரியா. அவற்றை அகராதியில் உறுதிப்படுத்துங்கள்.

இரண்டு, உரக்கச் சொல்லிப் பாருங்கள். ‘டேர்ன் இட் ஓஃப்’ என்பதில் குரல் ஓஃப்பில் ஊன்றும். ‘லுக் அட் இட்’ என்பதில் லுக்கில் ஊன்றி அட்டைத் தடவிக்கொண்டு போகும்.

பிரிபவை: டேர்ன் ஓஃப், பிக் அப், புட் ஒன், டேக் ஓஃப், ஃபில் இன், த்ரோ அவே, கிவ் பேக், ரைட் டவுன், கோல் ஓஃப், லுக் அப். பிரியாதவை: லுக் ஆஃப்டர், லுக் ஃபோர், கெட் ஓஃப் (பஸ்ஸிலிருந்து), ரன் இன்டு, டீல் வித், டேக் ஆஃப்டர். மூன்று சொல் கூட்டங்கள் பொதுவாகப் பிரிவதில்லை: புட் அப் வித், ரன் அவுட் ஒவ், கேச் அப் வித், லுக் ஃபோர்வர்ட் டு.

அறிகுறி 7: ‘ஐ லுக் ஃபோர்வர்ட் டு ஹியர் ஃப்ரொம் யூ’

வேலை விண்ணப்பத்தின் கடைசி வரியில் பலர் விடும் பிழை. சரி: ‘டு ஹியரிங்’. ஆங்கிலத்தில் டு இரண்டு வகை. ‘வோன்ட் டு கோ’ என்பதில் அது வினையின் அடையாளம். ‘லுக் ஃபோர்வர்ட் டு’ என்பதில் அது முன்னிடைச்சொல், அதன்பின் பெயர் அல்லது இங்-வடிவம்தான் வரும்.

சோதனை: டுவுக்குப் பின் ‘இட்’ போடுங்கள். ‘ஐ லுக் ஃபோர்வர்ட் டு இட்’ நிற்கிறது, ஆகவே இங். ‘ஐ வோன்ட் டு இட்’ நிற்காது, ஆகவே வெறும் வினை. ‘யூஸ்ட் டு’ இரண்டு வேடமும் போடும்: ‘ஐ யூஸ்ட் டு ட்ரைவ் அ ட்ராக்டர்’ முன்பு ஓட்டி வந்தேன், ‘ஐம் யூஸ்ட் டு ட்ரைவிங் அ ட்ராக்டர்’ ஓட்டிப் பழக்கம் உண்டு.

மற்ற முன்னிடைச்சொற்களுக்கும் இதே விதி: ‘இன்சிஸ்ட் ஒன் பேயிங்’, ‘சக்சீட் இன் கெட்டிங்’, ‘ப்ரிவென்ட் ஹிம் ஃப்ரொம் லீவிங்’, ‘தேங்க் யூ ஃபோர் கமிங்’. ‘இன்சிஸ்ட்டட் டு பே’, ‘ப்ரிவென்ட்டட் ஹிம் டு லீவ்’ இரண்டையும் கண்டால் உடனே மாற்றுங்கள்.

அறிகுறி 8: இலக்கணம் சரி, ஆனால் கேட்பவர் முகம் சுளிக்கிறார்

முன்னிடைச்சொல் மாறியதால் மனநிலையே மாறிவிட்டது. ‘ஷி ஷவுட்டட் டு மீ’ என்றால் ஆற்றங்கரையின் மறுபக்கம் கேட்க உரக்கக் கூப்பிட்டாள். ‘ஷி ஷவுட்டட் அட் மீ’ என்றால் கோபத்தில் கத்தினாள். ‘த்ரோ த போல் டு ஹிம்’ அவன் பிடிக்க, ‘த்ரோ இட் அட் ஹிம்’ அவனைத் தாக்க. பொதுவாக டு என்பது பெறுபவரையும், அட் என்பது இலக்கையும் காட்டும்.

‘அக்ரீ வித்’ ஆளோடும் கருத்தோடும் உடன்படுவது, ‘அக்ரீ டு’ முன்மொழிவுக்குச் சம்மதிப்பது, ‘அக்ரீ ஒன்’ இரு தரப்பும் ஒன்றைச் சேர்ந்து முடிவுசெய்வது: ‘வி அக்ரீட் ஒன் அ ப்ரைஸ்’. ‘ஹியர் ஃப்ரொம்’ அவரிடமிருந்தே செய்தி வந்தது, ‘ஹியர் அபௌட்’ அவரைப் பற்றிக் கேள்விப்பட்டது. ‘த ரெயின் ரிசல்ட்டட் இன் ஃப்ளட்ஸ்’ மழையால் வெள்ளம், ‘த ஃப்ளட்ஸ் ரிசல்ட்டட் ஃப்ரொம் த ரெயின்’ அதே உண்மை மறுபுறமிருந்து. இரண்டையும் மாற்றிப் போட்டால் வெள்ளத்தால் மழை வந்ததாகும். அறிக்கைகளில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

இலங்கை ஆங்கிலத்தில் புழங்கும் சோடிகளையும் இங்கே சொல்ல வேண்டும். ‘கெட் டவுன் ஃப்ரொம் த பஸ்’, கொழும்பிலிருந்து பொருள் வரவழைப்பதற்கு ‘கெட் டவுன்’, பட்டம் பெற்று வெளியேறுவதற்கு ‘பாஸ் அவுட்’ ஆகியவை இந்த நாட்டுக்குள் எவருக்கும் விளங்கும். அவற்றைப் பிழை என்று மாணவரின் காதைத் திருகுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஆனால் வெளிநாட்டு விண்ணப்பத்தில் ‘பாஸ்ட் அவுட் ஃப்ரொம் த யூனிவர்சிட்டி’ என்று இருந்தால், பிரித்தானிய வாசகருக்கு ‘பாஸ் அவுட்’ முதலில் மயங்கி விழுவதையே நினைவூட்டும். அங்கே ‘கிராஜுவேட்டட் ஃப்ரொம்’, ‘கொட் ஓஃப் த பஸ்’, ‘ஓர்டர்ட் ஃப்ரொம் கொழும்பு’ என்று எழுதுங்கள்.

கடிதம் அனுப்புமுன், அகராதியோடு

1. வினைகளுக்கு மட்டும் கீழ்க்கோடு போடுங்கள். பெயர்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.
2. ஒவ்வொரு வினைக்குப் பின்னும் வரும் முதற் சொல்லை வட்டமிடுங்கள். அது முன்னிடைச்சொல்லா, பெயரா?
3. அந்தச் சொல் தமிழ் உருபின் மொழிபெயர்ப்பாகத் தோன்றினால் சந்தேகப்படுங்கள்.
4. சந்தேகப்பட்டதை மட்டும் கற்போர் அகராதியில் (ஆங்கிலம் கற்பவர்களுக்கான ‘லேர்னர்ஸ் டிக்ஷனரி’) பாருங்கள். சாதாரண ஆங்கிலம்–தமிழ் அகராதி இதற்கு உதவாது, அது பொருளைத் தரும், சோடியைத் தராது.

கற்போர் அகராதியில் பார்க்க வேண்டியது பொருளையல்ல, வினைக்கு அருகே உள்ள குறிகளை. அடைப்புக்குள் பெரிய எழுத்து டீ (‘ட்ரான்சிட்டிவ்’ என்பதன் முதலெழுத்து) என்றால் பெயரை நேரடியாகப் பிடிக்கும் வினை. ஆங்கில எழுத்து ஐ (‘இன்ட்ரான்சிட்டிவ்’ என்பதன் முதலெழுத்து) என்றால் நேரடியாகப் பிடிக்காது, பெயர் வர வேண்டுமென்றால் முன்னிடைச்சொல் தேவை. சில வினைகளுக்கு இரண்டும் இருக்கும், அப்போது எடுத்துக்காட்டு வாக்கியங்களை வாசித்தே ஆக வேண்டும். எஸ்-பீ என்பது ஆள், எஸ்-டி-எச் என்பது பொருள். ‘ஆஸ்க் எஸ்-பீ ஃபோர் எஸ்-டி-எச்’ என்று இருந்தால் ஆள் நேரடியாக, பொருளுக்கு ஃபோர். சில அகராதிகளில் வினைக்கும் ஒட்டுக்கும் இடையில் இருபக்கமும் முனையுள்ள அம்புக்குறி இருக்கும். அது இருந்தால் சோடி பிரியும், ‘இட்’டை நடுவில் வையுங்கள்.

கண்டுபிடித்த சோடியைக் கொப்பியில் எழுதும்போது ‘டிபென்ட் = தங்கியிரு’ என்று எழுதாதீர்கள். ‘டிபென்ட் ஒன்’ என்று சேர்த்து எழுதி, கீழே உங்கள் ஊர் வாக்கியம் ஒன்று போடுங்கள்: ‘த ஹார்வெஸ்ட் டிபென்ட்ஸ் ஒன் த ரெயின்.’ அதற்கும் கீழே அதே வாக்கியத்தின் கேள்வியையும் எழுதுங்கள்: ‘வொட் டஸ் த ஹார்வெஸ்ட் டிபென்ட் ஒன்?’ ஒரு நாளைக்கு 5 சோடிக்கு மேல் வேண்டாம். ‘லுக்’ குடும்பத்தை ஒரே நாளில் முழுவதுமாக எழுதாமல் நாளுக்கு ஒன்றாகப் பிரித்து எழுதுங்கள், அருகருகே படித்தால் ஃபோரும் ஆஃப்டரும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.